பயிற்சி கொடுத்துப் பணியில் அமர்த்தும் ஐ.டி. நிறுவனத்தில் சேரப்போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள ஐ.டி. சேவை நிறுவனங்களில் பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். புதிதாக வரும் பட்டதாரிகளைக் குழுவுக்குத் தேர்ந்தெடுப்பதும் அவர்களை வாடிக்கையாளர் முன் நிறுத்துவதும் என் பணியின் ஒரு பகுதி. கடைசி ஆண்டு மாணவர்கள், பணி ஆணை கைக்கு வந்தும் சேரும் தேதி வராமல் காத்திருப்பவர்கள், அவர்களின் பெற்றோர் ஆகியோர் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். குடும்பத்தின் முதல் பட்டதாரியாக வருபவர்களுக்கு இவற்றைச் சொல்லித்தர வீட்டில் ஆள் இருப்பதில்லை. அவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

இந்த நிறுவனங்கள் செய்யும் தொழில்தான் என்ன?

ஆட்களின் உழைப்பு நேரத்தை விற்பதுதான் தொழில். ஒரு வங்கிக்கோ காப்பீட்டு நிறுவனத்துக்கோ மென்பொருள் எழுதவும் பராமரிக்கவும் ஆள் தேவைப்படுகிறது. ஐ.டி. நிறுவனம் ஆட்களைத் திரட்டிப் பயிற்சி கொடுத்து அந்தத் திட்டத்தில் அமர்த்துகிறது. ஆளுக்கு இவ்வளவு, மணிக்கு இவ்வளவு என்று வாடிக்கையாளருக்கு விலைச்சீட்டு அனுப்புகிறது. அந்த விலைக்கும் உங்கள் சம்பளத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் நிறுவனம் நடக்கிறது. விலைச்சீட்டில் உங்கள் பெயர் ஏறினால் ‘பில்லிங்கில் இருக்கிறார்’ என்பார்கள். ஏறாவிட்டால் ‘பெஞ்சில் இருக்கிறார்’ என்பார்கள்.

இதைப் புரிந்துகொண்டால் பாண்டு (குறிப்பிட்ட காலத்துக்குள் விலகினால் பணம் கட்ட வேண்டும் என்ற ஒப்பந்தம்) எதற்கு, பெஞ்ச் என்றால் ஏன் பதற்றம், நீங்கள் கேட்ட தொழில்நுட்பம் ஏன் கிடைப்பதில்லை என்பதெல்லாம் பாதி விளங்கிவிடும்.

டி.சி.எஸ்., இன்போசிஸ், காக்னிசன்ட், விப்ரோ, எச்.சி.எல். போன்ற பெரியவை இந்த வகை. அவற்றுக்கே ஆள் வழங்கும் சிறு நிறுவனங்களும் உண்டு. அங்கே நீங்கள் உட்காரும் கட்டடத்தில் ஒரு பெயரும் சம்பளச் சீட்டில் வேறொரு பெயரும் இருக்கும். அது தவறு இல்லை. ஆனால் ‘என் பணி ஆணையை யார் தருகிறார்கள், சம்பளம் யார் கணக்கிலிருந்து வரும்’ என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

நான் மெக்கானிக்கல் படித்தவன். எனக்குச் சம்பளமும் கொடுத்துப் பயிற்சியும் ஏன் கொடுக்கிறார்கள்?

அண்ணா பல்கலைக்கழகத்தின்கீழ் மட்டும் 400க்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. எந்தப் பிரிவில் படித்திருந்தாலும், எண் திறனும் தர்க்கமும் ஓரளவு ஆங்கிலமும் இருந்தால், சில மாதங்களில் நிரல் எழுதக் கற்றுக்கொடுத்துவிடலாம் என்பது இத்துறையின் நீண்டகாலக் கணக்கு. அந்தக் கணக்கு பெரும்பாலும் சரியாகவே இருந்திருக்கிறது. என் குழுவில் மிக நேர்த்தியாக நிரல் எழுதியவர்களில் சிவில் படித்தவர்கள் உண்டு.

பயிற்சிச் செலவை நிறுவனம் தன் முதலீடாகத்தான் போடுகிறது. உங்களால் வரப்போகும் வருமானத்தை எண்ணித்தான் போடுகிறது. நன்றி இருக்கலாம், தவறில்லை. ஆனால் கடன்பட்டவர்போலத் தலைகுனிந்து நிற்க வேண்டியதில்லை.

ஒரு நிறுவனம் பயிற்சிக்குப் பணம் கட்டினால் வேலை உறுதி என்கிறது. கட்டலாமா?

கட்டாதீர்கள்.

கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பயிற்சி மையம் வேறு, வேலை தரும் நிறுவனம் வேறு. வேளச்சேரியிலோ வடபழனியிலோ ஒரு மையத்தில் ஜாவா நிரல்மொழி கற்க நீங்கள் கட்டணம் கட்டுவது கல்விச் செலவு. அங்கே கற்றுத்தருவது நன்றாக இருக்கிறதா என்பது மட்டுமே கேள்வி. ‘உங்களை நாங்களே பணியமர்த்துகிறோம், அதற்கு முன்பணம் கொடுங்கள்’ என்பது முற்றிலும் வேறு விஷயம். மேலே சொன்னபடி, இந்தத் தொழிலில் பணம் வாடிக்கையாளரிடமிருந்து வர வேண்டும். அது உங்கள் அப்பாவின் சேமிப்பிலிருந்தோ அம்மாவின் வளையலிலிருந்தோ வந்தால், அங்கே நீங்கள்தான் வாடிக்கையாளர். ‘பாதுகாப்பு வைப்புத்தொகை’, ‘மடிக்கணினிக் கட்டணம்’, ‘ஆவணச் சரிபார்ப்புக் கட்டணம்’ என்று என்ன பெயர் வைத்தாலும் இதே கதைதான்.

இதில் இன்னும் மோசமான வகை, ‘பின்வாசல் வேலை’. ஒரு பெரிய நிறுவனத்தின் மனிதவளத் துறையில் தெரிந்தவர் இருக்கிறார், மூன்று லட்சம் கொடுத்தால் நேரே பணி ஆணை என்பார்கள். ஆணையும் வரும், முத்திரையோடு. நுழைவாயிலில் போய் நிற்கும்போதுதான் போலி என்று தெரியும். அப்படி ஏமாந்திருந்தால் வெட்கப்பட்டு வீட்டில் முடங்காதீர்கள். இணையவழிப் பணமோசடிக்கு 1930 என்ற எண்ணில் உடனே புகார் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் செய்கிறீர்களோ, அவ்வளவுக்குப் பணத்தை வங்கியிலேயே நிறுத்தும் வாய்ப்பு அதிகம். நேரில் கைமாறிய பணமாக இருந்தால் காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வப் புகார் கொடுத்து, மனு ஏற்புச் சீட்டு வாங்குங்கள்.

பாண்டு கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். சட்டப்படி செல்லுமா?

‘பாண்டு எல்லாம் செல்லாது, தைரியமாகக் கையெழுத்துப் போடு’ என்று சொல்லும் சீனியர்கள் ஒரு பக்கம். ‘பாண்டை மீறினால் சிறை’ என்று மிரட்டுபவர்கள் மறுபக்கம். இருவரையும் நம்பாதீர்கள்.

இது குற்றவியல் விவகாரம் அல்ல. இடையில் விலகியதற்காக யாரும் உங்களைக் கைது செய்ய முடியாது. வேலை செய்தே தீர வேண்டும் என்றும் யாரும் கட்டாயப்படுத்த முடியாது. நிறுவனம் கேட்கக்கூடியது பண இழப்பீடு மட்டுமே. அதிலும் இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872இன் 74ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் எழுதிய தொகை உச்சவரம்புதான். அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவு என்பதை நீதிமன்றமே முடிவு செய்யும். நாலு நாள் காணொளி காட்டிவிட்டு நான்கு லட்சம் கேட்டால், பயிற்சிக்கு என்ன செலவானது என்று நீதிபதி கேட்பார்.

அதற்காகப் பாண்டு வெற்றுக் காகிதம் ஆகிவிடாது. 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: மூன்று ஆண்டுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் என்ற நிபந்தனை செல்லும், அது அதே ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு தடுக்கும் தொழில் கட்டுப்பாடு ஆகாது. அந்த ஊழியர் பொதுத்துறை வங்கியில் உயர்பதவியில் இருந்தவர். அவர் சம்பளத்துக்கு அந்தத் தொகை பெரிதல்ல என்பதையும், பொதுத்துறை வங்கி மீண்டும் பொது விளம்பரம் கொடுத்து ஆள் எடுக்க வேண்டியிருப்பதையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது. மாதம் இருபதாயிரம் வாங்கும் புதியவருக்கு அதே அளவுகோல் அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் ‘பாண்டு என்றாலே செல்லாது’ என்ற பேச்சுக்கு அத்தோடு இடமில்லை.

எனவே கையெழுத்துக்கு முன் நான்கு வரிகளைத் தேடிப் படியுங்கள். காலம் எந்த நாளிலிருந்து ஓடுகிறது என்பது முதலாவது. சேர்ந்த நாளிலிருந்தா, பயிற்சி முடிந்த நாளிலிருந்தா, முதல் திட்டம் கிடைத்த நாளிலிருந்தா? ‘இரண்டு ஆண்டு’ என்று சொல்லப்படுவது இந்த ஒரு வரியால் மூன்றாண்டை நெருங்கிவிடும். அடுத்தது, மாதங்கள் செல்லச்செல்லத் தொகை குறைகிறதா என்பது. இருபத்துமூன்றாம் மாதத்தில் விலகுபவரிடமும் முழுத்தொகை கேட்கும் ஒப்பந்தங்கள் இருக்கின்றன. மூன்றாவதாக, நிறுவனமே உங்களை நீக்கினாலும் தொகை கேட்கப்படுமா என்று பாருங்கள். கேட்கப்படும் என்று எழுதியிருந்தால் அந்த நிறுவனத்தின் மனசு எப்படிப்பட்டது என்பது அங்கேயே தெரிந்துவிட்டது. கடைசியாக, வேலையை விட்டபின் போட்டி நிறுவனத்திலோ வாடிக்கையாளரிடமோ சேரக்கூடாது என்ற நிபந்தனை. வேலை முடிந்த பிறகும் தொடரும் இத்தகைய தடையை 27ஆம் பிரிவு செல்லாததாக்குகிறது. நிறுவனமும் வாடிக்கையாளரும் தங்களுக்குள் ‘உங்கள் ஆளை எடுக்க மாட்டோம்’ என்று போட்டுக்கொள்ளும் ஒப்பந்தம் வேறு. அதில் நீங்கள் ஒரு தரப்பு அல்ல.

எதில் கையெழுத்திட்டாலும் ஒரு நகல் உங்களிடம் இருக்க வேண்டும். ‘நகல் தருவதில்லை’ என்றால் கைப்பேசியில் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுங்கள். அதற்கும் விடவில்லை என்றால் பேனாவை மூடி வையுங்கள்.

அசல் சான்றிதழ்களையும் கையெழுத்திட்ட வெற்றுக் காசோலையையும் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

இரண்டையும் கொடுக்காதீர்கள். சரிபார்ப்பதற்காக அசலைக் காட்டலாம்; அன்றே கையோடு திரும்ப வாங்கிவிட வேண்டும். படிப்புச் சான்றிதழ் அடகு வைக்கும் பொருள் அல்ல என்பதைக் கல்லூரிகள் தொடர்பான வழக்குகளில் சென்னை உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

வெற்றுக் காசோலை அதைவிட ஆபத்து. பாண்டு வெறும் உரிமையியல் விவகாரம் என்றேன் அல்லவா? காசோலை கொடுத்து அது பணமில்லாமல் திரும்பினால், மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவின்படி குற்ற வழக்காகவே போடலாம். பாண்டால் செய்ய முடியாததைச் செய்யத்தான் அந்தக் காசோலையை வாங்கி வைக்கிறார்கள்.

ஆண்டுக்கு 3.6 லட்சம் என்றார்கள். மாதம் 30,000 கைக்கு வருமா?

வராது. பணி ஆணையின் கடைசிப் பக்கத்தில் ‘பின்னிணைப்பு’ என்று ஓர் அட்டவணை இருக்கும். பெற்றோர் முதல் பக்கத்தின் பெரிய எண்ணைப் பார்க்கிறார்கள். கணக்கு கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. ஓர் உதாரணத்தை வரிவரியாகப் போட்டுப் பார்ப்போம்.

3,60,000ஐ 12ஆல் வகுத்தால் 30,000. இது நிறுவனம் உங்களுக்காகச் செய்யும் மொத்தச் செலவு. இதில் அடிப்படைச் சம்பளம் 15,000 என்று வைத்துக்கொள்வோம். நிறுவனம் வருங்கால வைப்பு நிதிக்குக் கட்டும் 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாய், இந்த முப்பதாயிரத்துக்குள்ளேயே இருக்கும். பணிக்கொடைக்கு அடிப்படையில் 4.81 சதவீதம், ஏறத்தாழ 720 ரூபாய். மருத்துவக் காப்பீட்டுக்கு 500 என்று கொள்வோம். அடுத்து ‘மாறும் ஊதியம்’ என்று பத்து சதவீதம், 3,000. இது மாதாமாதம் வருவதில்லை. காலாண்டுக்கோ ஆண்டுக்கோ ஒருமுறை, நிறுவனம் நன்றாக ஓடினால், நீங்கள் பில்லிங்கில் இருந்தால் என்ற நிபந்தனைகளோடு வரும். இவற்றைக் கழித்தால் மிச்சம் 23,980. அதிலிருந்து உங்கள் பங்கு வைப்பு நிதி 1,800 போகும். தொழில் வரி ஆண்டுக்கு அதிகபட்சம் 2,500. மாதத்துக்கு 208 என்று வையுங்கள். கைக்கு வருவது இருபத்திரண்டாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. இந்தச் சம்பளத்துக்கு வருமான வரி இல்லை.

சோழிங்கநல்லூரிலோ நாவலூரிலோ விடுதி வாடகை, சாப்பாடு, பயணம் போக ஊருக்கு எவ்வளவு அனுப்ப முடியும் என்பதை இந்த எண்ணை வைத்துத்தான் கணக்கிட வேண்டும். கல்விக் கடன் தவணை இருந்தால் இதைச் சேரும் முன்பே வீட்டில் உட்காரவைத்துச் சொல்லிவிடுங்கள். ‘மாதம் முப்பதாயிரம் வாங்குகிறான், பத்தாயிரம்கூட அனுப்ப மாட்டேன் என்கிறான்’ என்ற மனத்தாங்கல் பல வீடுகளில் இந்த அட்டவணையைப் படிக்காததால் வருகிறது.

பயிற்சிக் காலத்தில் முழுச் சம்பளமா, உதவித்தொகையா என்பதையும் கேளுங்கள். அந்த மாதங்களுக்கு வைப்பு நிதி கட்டப்படாவிட்டால் அவை உங்கள் அனுபவக் கணக்கில் ஏறுவதில் சிக்கல் வரும்.

பயிற்சி எப்படி இருக்கும்? தேர்வில் தேறாவிட்டால் என்ன ஆகும்?

நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். இன்போசிஸின் மைசூரு வளாகம் ஒரு பல்கலைக்கழகம்போலவே இருக்கும். தங்குவதும் படிப்பதும் அங்கேயே. டி.சி.எஸ். பயிற்சி என்றால் திருவனந்தபுரம் ஞாபகம் வரும். சிறு நிறுவனங்களில் ஒரு அறையும் ஒரு பயிற்றுநரும் இருந்தால் அதிகம். பொதுவாக முதல் வாரங்களில் நிரலாக்க அடிப்படை, தரவுத்தளம், பிறகு ஒதுக்கப்பட்ட தொழில்நுட்பம், நடுநடுவே தேர்வுகள், கடைசியில் ஒரு மாதிரித் திட்டம் என்று போகும்.

தேர்வைச் சடங்கு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 2025 பிப்ரவரியில் மைசூரு வளாகத்தில் உள் மதிப்பீட்டில் மூன்று வாய்ப்புகளிலும் தேறவில்லை என்று 300க்கும் மேற்பட்ட பயிற்சியாளர்களை இன்போசிஸ் வெளியேற்றியது. அவர்களில் பலர் 2022இல் பணி ஆணை பெற்று, இரண்டு ஆண்டுக்கு மேல் காத்திருந்து, 2024 அக்டோபரில்தான் சேர்ந்திருந்தார்கள். ஊழியர் அமைப்பான ‘நைட்ஸ்’ மத்திய தொழிலாளர் அமைச்சகத்திடம் புகார் செய்தது. கர்நாடகத் தொழிலாளர் துறை விசாரித்தது. தேறாவிட்டால் நீக்கலாம் என்பது ஒப்பந்தத்தில் இருந்தது என்பது நிறுவனத்தின் வாதம். ஒரு பிள்ளையை இரண்டு ஆண்டு காக்கவைத்துவிட்டுச் சில மாதங்களில் பெட்டியைக் கட்டச் சொல்வதை ஒப்பந்த வரி நியாயமாக்கிவிடாது என்பது என் கருத்து.

காத்திருக்கும் காலத்தில் பணி ஆணையை நம்பி மற்ற வாய்ப்புகளை விட்டுவிடாதீர்கள். சேர்ந்தபின், முதல் தேர்வில் தடுமாறிய அன்றே பயிற்றுநரிடம் போய் உதவி கேளுங்கள். தமிழ் வழியில் படித்துவந்த பல பிள்ளைகள் பாடம் புரியாமல் தோற்பதில்லை. கேள்வி கேட்கத் தயங்கித் தோற்கிறார்கள். ஆங்கிலம் பிசகினால் பிசகட்டும், கேளுங்கள்.

எனக்குப் பிடித்த தொழில்நுட்பத்தை நானே தேர்ந்தெடுக்க முடியுமா?

பெரும்பாலும் முடியாது. அந்தக் காலாண்டில் எந்தத் திட்டத்துக்கு ஆள் வேண்டுமோ அதற்கேற்பத்தான் பிரிப்பார்கள். செயற்கை நுண்ணறிவு கேட்டவருக்கு மெயின்ஃப்ரேம் எனும் பழைய வகைப் பெருங்கணினி கிடைக்கும். மனம் உடைய வேண்டாம். உலகின் பெரிய வங்கிகள் பலவற்றின் கணக்குகள் இன்றைக்கும் மெயின்ஃப்ரேமில் ஓடுகின்றன. அதைத் தெரிந்தவர்கள் ஓய்வுபெற்றுக்கொண்டிருக்கிறார்கள். நான் உண்மையில் எச்சரிக்க விரும்புவது, வந்த புகார்ச்சீட்டை வேறொரு குழுவுக்கு அனுப்புவதோடு முடிந்துவிடும் பராமரிப்பு வேலையை. இரவுப் பணிப்படியோடு சொகுசாகத்தான் தெரியும். இரண்டு ஆண்டு கழித்து வெளியே நேர்காணலுக்குப் போனால் சொல்ல ஒன்றும் இருக்காது. அப்படி ஓர் இடத்தில் விழுந்தால், தினமும் வரும் அதே வகைப் புகாரைத் தீர்க்க ஒரு சிறு நிரல் எழுதுங்கள். உங்களைக் கவனிக்கவைக்க அதைவிட நல்ல வழியை நான் பார்த்ததில்லை.

பெஞ்சில் இருந்தால் சம்பளம் உண்டா? எவ்வளவு நாள் இருக்கலாம்?

சம்பளம் உண்டு. நீங்கள் நிறுவனத்தின் ஊழியர். திட்டம் தேடித்தருவது அவர்கள் பொறுப்பு. பெஞ்ச் காலத்துக்குச் சம்பளம் இல்லை என்று சொல்லும் சிறு நிறுவனம் வேலை தரவில்லை, தரகு வேலை செய்கிறது.

ஆனால் முன்புபோல மாதக்கணக்கில் நிம்மதியாக இருக்க முடிவதில்லை. 2025 ஜூனில் டி.சி.எஸ். கொண்டுவந்த விதி, ஓர் ஊழியர் ஆண்டுக்குக் குறைந்தது 225 நாள் பில்லிங்கில் இருக்க வேண்டும், பெஞ்ச் 35 நாளுக்குமேல் போகக்கூடாது என்கிறது. பெஞ்சில் இருக்கும்போது ஆள் ஒதுக்கும் குழுவின் மின்னஞ்சலுக்காக மட்டும் காத்திராதீர்கள். உங்களோடு பயிற்சி பெற்றவர்கள் எந்தத் திட்டங்களில் இருக்கிறார்கள், எங்கே ஆள் தேவை என்று நேரே கேளுங்கள். திட்ட மேலாளர்கள் முகம் தெரிந்தவரைத்தான் முதலில் எடுப்பார்கள். சரியா தவறா என்பது வேறு, நடைமுறை அதுதான்.

வாடிக்கையாளர் நேர்காணலில் என்ன நடக்கும்? ‘மூன்று ஆண்டு அனுபவம் என்று சொல்’ என்கிறார்களே?

பெரும்பாலும் அரைமணி நேரக் காணொளி அழைப்பு. மறுமுனையில் வாடிக்கையாளரின் தொழில்நுட்பத் தலைவர் ஒருவர். முதல் ஐந்து நிமிடம் உங்களைப் பற்றிச் சொல்லச் சொல்வார். மனப்பாடம் செய்த அறிமுகத்தை ஒப்பிப்பவர்களை அவர் நூறு பேர் பார்த்திருப்பார். பிறகு உங்கள் தன்விவரக் குறிப்பில் ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு உள்ளே போவார். ‘இந்தத் திட்டத்தில் தரவுத்தள இணைப்பு நடுவில் அறுந்தால் என்ன செய்தீர்கள்?’ என்பதுபோல. உண்மையில் செய்தவர் கொஞ்சம் யோசித்து, தட்டுத்தடுமாறி, ‘முதலில் இப்படிச் செய்தோம், சரிவரவில்லை, பிறகு இப்படி மாற்றினோம்’ என்பார். செய்யாதவர் பாடப்புத்தக வரையறையைச் சொல்வார். வித்தியாசம் பத்து நொடியில் தெரிந்துவிடும். ‘இது எனக்குத் தெரியாது, தெரிந்தவரை இப்படி அணுகுவேன்’ என்று சொன்ன புதியவர்களை வாடிக்கையாளர்கள் எடுத்துக்கொண்டதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பொய் அனுபவம் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். சில சிறு நிறுவனங்கள் இதையே தொழிலாக வைத்திருக்கின்றன. உங்கள் குறிப்பில் இல்லாத திட்டங்களை எழுதுவார்கள். நேர்காணலில் வேறொருவர் பின்னால் இருந்து பதில் சொல்லித்தருவார். ‘எல்லோரும் செய்கிறார்கள்’ என்பார்கள். பிடிபடும்போது அவர்கள் பெயர் எங்கும் இருக்காது. உங்கள் பெயர் மட்டும் இருக்கும். வைப்பு நிதியின் யு.ஏ.என். கணக்கில் (வேலை மாறினாலும் மாறாத உங்கள் உறுப்பினர் எண்) நீங்கள் எங்கே, எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை வேலை செய்தீர்கள் என்பது தெரியும்; பின்னணிச் சரிபார்ப்பில் முதலில் பார்ப்பது அதைத்தான். சேர்ந்து எட்டு மாதம் கழித்து முடிவு வந்து, நன்றாக வேலை செய்துகொண்டிருந்த ஒருவரை அன்றே அனுப்ப வேண்டி வருவதைப் பார்ப்பது மிகக் கொடுமை. உங்களை அப்படிச் சொல்லச் சொன்னால் மறுத்துவிடுங்கள். வேலை போனாலும் பரவாயில்லை.

வாடிக்கையாளரின் அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறேன். நான் யாருடைய ஊழியர்?

சம்பளம் தருபவரின் ஊழியர். விடுப்பு, மதிப்பீடு, சம்பள உயர்வு எல்லாம் அங்கேதான். அன்றாட வேலையைச் சொல்பவர் வாடிக்கையாளராக இருப்பார். இருவருக்கும் நடுவில் நசுங்காமல் இருக்க, விடுப்பை இருவருக்கும் எழுத்தில் சொல்லிவிடுங்கள். அங்கே என்ன செய்தீர்கள் என்பதை மாதம் ஒருமுறை உங்கள் சொந்த மேலாளருக்கு நான்கு வரியில் அனுப்புங்கள். வெளியிடத்தில் உழைப்பவர் மதிப்பீட்டு நேரத்தில் மறக்கப்படுவது சாதாரணம்.

பெண்கள் கவனத்துக்கு: பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013 வாடிக்கையாளர் அலுவலகத்துக்கும், நிறுவனம் ஏற்பாடு செய்த வாகனப் பயணத்துக்கும் பொருந்தும். பத்துப் பேரோ அதற்குமேலோ வேலை செய்யும் ஒவ்வொரு நிறுவனத்திலும் இத்தகைய புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். துன்புறுத்தியவர் வாடிக்கையாளர் தரப்பு ஆள் என்றாலும் உங்கள் நிறுவனம் கைகழுவ முடியாது. உதவிசெய்வது அதன் கடமை. புகாரைப் பொதுவாக மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும்.

வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைகளுக்கும் இதே முறைதானா?

இங்கிலாந்தில் எஃப்.டி.எம். குழுமம், ஸ்பார்ட்டா குளோபல், அமெரிக்காவில் ரெவேச்சர் ஆகியவை இதே வழியில் பட்டதாரிகளைப் பயிற்றுவித்து வாடிக்கையாளரிடம் அமர்த்துபவை. ‘விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பித் தா’ என்ற நிபந்தனை அங்கேயும் விவாதத்துக்கு உள்ளாகியிருக்கிறது. கலிபோர்னியா மாநிலம் 2026 ஜனவரி 1 முதல் போடப்படும் ஒப்பந்தங்களில் இத்தகைய நிபந்தனைகளைப் பெருமளவு தடைசெய்துவிட்டது.

அமெரிக்காவில் ஓ.பி.டி. காலத்தில், அதாவது படிப்பு முடித்தபின் மாணவர் விசாவிலேயே வேலை செய்ய அனுமதிக்கப்படும் காலத்தில், இருக்கும் நம் மாணவர்களுக்குத்தான் அதிக நெருக்கடி. மொத்தம் 90 நாளுக்குமேல் வேலையில்லாமல் இருக்கக்கூடாது என்ற விதி தலைக்குமேல் கத்தியாகத் தொங்குகிறது. அந்த அவசரத்தைச் சில சிறு நிறுவனங்கள் பயன்படுத்திக்கொண்டு பொய்க் குறிப்போடு சந்தைப்படுத்துகின்றன. அங்கே பொய் அனுபவம் வேலையோடு நிற்காது; விசாவையே பாதிக்கும். ஒன்றை நினைவில் வையுங்கள்: எச்-1பி எனும் வேலை விசாவில் இருப்பவரைத் திட்டம் இல்லை என்பதற்காகச் சம்பளம் தராமல் பெஞ்சில் வைப்பது அமெரிக்க விதிகளின்படி சட்டவிரோதம். அந்நாட்டுத் தொழிலாளர் துறையிடம் புகார் செய்யலாம்.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, இனிப் புதியவர்களை எடுப்பார்களா?

எடுக்கிறார்கள், ஆனால் எண்ணிக்கையும் எதிர்பார்ப்பும் மாறிவிட்டன. 2025 ஜூலையில் டி.சி.எஸ். தன் ஊழியர்களில் ஏறத்தாழ 2 சதவீதம், பன்னிரண்டாயிரம் பேர் அளவில், குறைப்பதாக அறிவித்தது. பெரும்பாலும் நடுநிலை, மேல்நிலைப் பதவிகள். புதியவரிடம் இப்போது எதிர்பார்ப்பது, எழுதிக்கிடக்கும் நிரலைப் படித்து எங்கே தவறு என்று சொல்லும் திறன். பயிற்சியின்போது செயற்கை நுண்ணறிவுக் கருவி எழுதிக்கொடுத்ததை அப்படியே ஒட்டித் தேர்வில் தேறியவர்கள் திட்டத்துக்கு வந்ததும் திணறுகிறார்கள்.

அநியாயம் நடந்தால் யாரிடம் போவது?

ஐ.டி. ஊழியர்களுக்குத் தொழிலாளர் சட்டம் பொருந்தாது என்பது பரவலான தவறான எண்ணம். ஐ.டி. ஊழியர்களும் தொழிற்சங்கம் அமைக்கலாம், தொழில் தகராறு எழுப்பலாம் என்பதைத் தமிழக அரசு 2016இலேயே தெளிவுபடுத்திவிட்டது. சென்னையில் ஐ.டி. ஊழியர் சங்கங்கள் இயங்குகின்றன. தொழிலாளர் ஆணையர் அலுவலகம் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கிறது. நிறுவனம் வைப்பு நிதியைப் பிடித்துவிட்டுக் கட்டவில்லை என்றால் வருங்கால வைப்பு நிதி அமைப்பின் இணையதளத்திலேயே புகார் பதியலாம். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால் 15100 என்ற எண்ணில் இலவசச் சட்ட உதவி கேளுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் அந்த உதவி உண்டு.

பேச்சில் நடந்த எதையும் அன்றே மின்னஞ்சலாக்கிவிடுங்கள். ‘இன்று நீங்கள் சொன்னபடி’ என்று தொடங்கும் ஒரு மின்னஞ்சலுக்கு உள்ள பலம் பத்து சாட்சிக்கு இல்லை.

எப்போது விலகலாம்? விலகும்போது எதையெல்லாம் வாங்கிக்கொள்ள வேண்டும்?

பாண்டு முடிந்தபின், கையில் அடுத்த வேலையின் பணி ஆணையோடு விலகுவது நல்லது. முன்னறிவிப்புக் காலம் பல நிறுவனங்களில் 90 நாள். அதற்குள் புதிய நிறுவனம் காத்திருக்குமா என்று முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். கோபத்தில் சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். பணிவிடுப்புக் கடிதம் (ரிலீவிங் லெட்டர்) இல்லாமல் அடுத்த சரிபார்ப்பில் மாட்டிக்கொள்வீர்கள்.

விலகல் கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்பி, ஏற்கப்பட்ட பதிலைத் தனிப்பட்ட முகவரிக்கு வாங்கிக்கொள்ளுங்கள். கடைசி நாளுக்கு முன்பே எல்லாச் சம்பளச் சீட்டுகளையும் இறக்கி வையுங்கள். மறுநாள் உள்நுழைவு இருக்காது. பணிவிடுப்புக் கடிதம், அனுபவச் சான்றிதழ், சம்பள வரிப் பிடித்தச் சான்று ஆகியவை வேண்டும். வாடிக்கையாளரின் ஆவணம், நிரல் எதையும் சொந்தக் கணினிக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள். அதற்காக வழக்கு வரும்.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த ஊதியத் தொகுப்புச் சட்டத்தின்படி, விலகியவருக்குரிய சம்பளப் பாக்கியை இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். பழைய பழக்கத்தில் 45 நாள் என்று எழுதினால் அந்த விதியைச் சுட்டிக்காட்டுங்கள். வைப்பு நிதிக் கணக்கில் விலகிய தேதி ஏறியிருக்கிறதா என்று ஒரு மாதம் கழித்துப் பாருங்கள். ஏறாவிட்டால், முன்னாள் நிறுவனத்தின் கையை எதிர்பார்க்காமல், கடைசிச் சந்தா கட்டப்பட்டு இரண்டு மாதத்துக்குப் பிறகு யு.ஏ.என். தளத்தில் நீங்களே பதிந்துகொள்ள முடியும்.